உதடு அவருடையது

நான் நடித்த ஒரே படத்தில் என் முகத்தை நீங்கள் பார்க்க முடியாது, என்னைக் கேட்கத்தான் முடியும். நான் பேசும்போது அசைகிற உதடுகள் மட்டக்களப்பு நகரத்துத் தச்சர் ஒருவருடையவை. படப்பிடிப்பு முடிந்த கையோடு அவர் இறந்துபோனார். இதை ஒரு திறமை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். முகம் தேவைப்படாத வேலை என்பதால்தான் அது எனக்குக் கிடைத்தது.

பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிறவன் நான். வாரப் பத்திரிகை ஒன்றில் பகிடிக் கட்டுரைகளும் எழுதுகிறேன். வாசிக்கிறவர்களில் பாதிப்பேர் என் உறவினர், மீதிப்பேர் தாங்கள் அதில் வருகிறோமா என்று பார்க்கிறவர்கள். இயக்குநர் கல்குடாப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து, கல்லடியில் வாவியைப் பார்த்த வீடொன்றை வாடகைக்கு எடுத்து, உள்ளூர் ஆட்களை மட்டும் வைத்துப் படம் எடுக்கப் போவதாகச் சொன்னார். ஊர் திரண்டது. நானும் போனேன். கட்டுரைக்கு விஷயம் கிடைக்கும் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போனேன். அதற்கு எதற்குப் புதுச் சட்டை என்று மனைவி கேட்கவில்லை. அவ என்னைப் பார்த்தா, அவ்வளவுதான்.

ஆள் தெரிந்தெடுக்க அவருக்கு ஒரு முறை இருந்தது. வாவிக்கரையில் ஒரு பிளாஸ்டிக் கதிரை. பக்கவாட்டில் கமெரா. "இதில சும்மா இருங்க" என்று சொல்லிவிட்டு அவர் தேத்தண்ணி குடிக்க உள்ளே போய்விடுவார். சிலர் பாடினார்கள். கூத்தாடிப் பழகிய ஒருவர் கதிரையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு அரசன் வரவு ஆடினார். நானோ படித்தவன். சும்மா இருப்பது பற்றி எத்தனையோ புத்தகங்கள் வாசித்திருக்கிறேன். ஆகவே ஆழமாகச் சும்மா இருந்தேன். இயக்குநர் வந்து சின்னத் திரையில் என்னைப் பார்த்தார். "சேர், நீங்க சும்மா இருக்கிற மாதிரி நடிக்கிறீங்க" என்றார்.

கதாநாயகன் வேலை கேட்டு வரவே இல்லை. அந்த வீட்டின் பின்கதவு உப்புக் காற்றில் ஊதி மூடாமல் நின்றது. அதைச் சீவிக் கொடுக்க நகரத்திலிருந்து, போர்த்துக்கீசர் வழிவந்த பறங்கியர் ஒருவர் வந்தார். தலைமுறை தலைமுறையாகத் தச்சு வேலை செய்கிற குடும்பம். வேலை முடிந்த களைப்பில் அந்தக் கதிரையில் உட்கார்ந்திருக்கிறார். கமெராவை நிறுத்த மறந்திருந்தார்கள். அந்தக் காட்சியை எங்களுக்குப் போட்டுக் காட்டினார் இயக்குநர். ஒரு மனிதர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் பார்த்தவர்கள் ஒவ்வொருவராக எழும்பி வெளியே போய் நின்றார்கள். அவர் ஒருமுறைகூட இமைக்கவில்லை என்று ஒருவர் சொன்னார். நான் கவனித்துப் பார்த்தேன், இமைத்தார். ஆனாலும் அதை இரண்டாம் தரம் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

படத்தின் கதை சிறியது. நெடுங்காலத்துக்குப் பிறகு ஊருக்குத் திரும்புகிற ஒருவனை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அவன் தோணி வாங்கி, ஆட்களை வாவிக்கு இக்கரை அக்கரை ஏற்றி இறக்கிக்கொண்டு இருந்துவிடுகிறான். தச்சர்தான் அவன். எனக்குத் தபாலதிபர் வேடம் தந்தார்கள், ஒரு வசனம். படத்தொகுப்பில் அந்த வசனம் போய், என் தலையின் பின்பக்கம் மட்டும் மிஞ்சியது. வழுக்கையில் வெளிச்சம் நன்றாக விழுந்திருந்ததாக இயக்குநர் ஆறுதல் சொன்னார்.

அவரிடம் எழுதிய வசனம் என்று ஒரு தாளும் கிடையாது. காலையில் நினைத்ததைக் காட்சி நடக்கும்போதே சொல்லிக் கொடுப்பார். கூத்துக் களரியில் அண்ணாவியார் அடியெடுத்துக் கொடுக்கிற மாதிரிக் கமெராவுக்குப் பக்கத்தில் நின்று உரத்துச் சொல்லுவார். தச்சர் அதைக் கேட்டு, மூக்கால் ஒரு மூச்சு எடுத்து, மரத்தூளை ஊதப் போகிறவர் போல ஒரு கணம் நின்று, திருப்பிச் சொல்லுவார். அவர் சொல்லும்போதே இயக்குநர் அடுத்ததைத் தொடங்கிவிடுவார், இரண்டு குரலும் சேர்ந்தே பதிவாகும். பிறகு டப்பிங்கில் சுத்தமாகப் பேசி எடுத்துக்கொள்ளலாம் என்பது திட்டம்.

அந்தப் 'பிறகு' வரவில்லை. படப்பிடிப்பு முடிந்த அடுத்த மாதமே, வீட்டுக்குப் பின்னாலிருக்கிற பட்டறையில், சீவிக்கொண்டிருந்த பலகையில் கன்னத்தை வைத்தபடி அவர் போய்விட்டார். நெஞ்சுவலி. ஒரு கண் மூடியிருந்ததாம். பலகையின் நேர் பார்க்கிற தச்சர்கள் அப்படித்தான் குனிவார்கள். கதவு கேட்டு வந்த இரண்டொருவர் எட்டிப் பார்த்து, ஆள் வேலையாக இருக்கிறார் என்று பேசாமல் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

இயக்குநர் என்னைத் தேடி வந்தார். நகரத்தில் பல பேரைப் பேசவைத்துப் பார்த்துவிட்டாராம். "உங்கட முகம் சரிவராது சேர். குரல் பரவாயில்லை" என்றார். இருபத்தைந்து வருடமாகப் படிப்பிக்கிறவனுக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அதுதான்.

டப்பிங் அறை என்பது அதே வாடகை வீட்டின் நடு அறை. யன்னல்களைப் பலகை அடித்து மூடி, சுவரெல்லாம் பழைய மெத்தைகளைச் சாத்தியிருந்தார்கள். மின்விசிறி போடக்கூடாது, அதன் சத்தம் பதிவாகும். ஒலிப்பதிவு செய்தது கல்முனைப் பக்கத்துப் பெண்பிள்ளை ஒன்று. அதிகம் பேசாது. கேட்பதுதான் தொழில் என்பதால் பேசுவதை ஒரு வீண்செலவாக நினைத்ததோ என்னவோ.

முதல் நாள் ஹெட்ஃபோனை மாட்டியதும் விஷயம் விளங்கியது. முதலில் இயக்குநரின் குரல் ஒரு வசனம் சொல்லும். அடுத்து தச்சரின் மூச்சு, அதன்பின் அதே வசனம் தச்சரின் குரலில். அதற்குப் பிறகு நான் சொல்ல வேண்டும். வரிசையில் மூன்றாவது ஆள் நான். எனக்கு முன்னால் நிற்கிறவர் இறந்துபோனவர். அவர் எடுத்த மூச்சை அதே அளவு எடுத்தால்தான் உதடு பொருந்தும். இருட்டில் வேர்த்து வழிந்து, திரையில் பெரிதாகத் தெரிகிற அந்த முகத்தைப் பார்த்தபடி, அவர் மூச்செடுக்க நானும் எடுப்பேன். அவர் விடுகிற இடத்தில் விடுவேன். ஒரு வாரத்தில் நன்றாகப் பழகிவிட்டது. எவ்வளவு பழகியது என்று வீட்டில்தான் தெரிந்தது. சாப்பிடும்போது உப்புக் கேட்டேன். மனைவி கையில் எடுத்த உப்பைத் தராமல் என்னையே பார்த்தா.

"இப்ப கேட்டது ஆர்?"

நான்தான் என்றேன். அதைச் சொல்வதற்கும் முன்னால் மூக்கால் ஒரு மூச்சு எடுத்தேன் போலிருக்கிறது. படம் முடியும்வரை வீட்டில் பேசாமல் சாப்பிடும்படி உத்தரவாயிற்று. அதில் அவவுக்குப் பெரிய கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

தச்சரின் மனைவி டப்பிங் நடந்த இரண்டாம் வாரம் வந்தா. கலியாண உடுப்புத் தைக்கிறவ. கையில் ஒரு கேக் பெட்டி. பேச்சில் அவசரமே இல்லை. என் குரல் அவருடைய வாயிலிருந்து வருகிற ஒரு காட்சியைப் போட்டுக் காட்டினார்கள். கடைசிவரை பார்த்தா. நல்லா இருக்கு என்று சொன்னா. பிறகு என் பக்கம் திரும்பினா.

"சேர், குறை நினைக்காதீங்க. முகம் எங்களிட்ட இருக்கு. கலியாணப் படம் இருக்கு, எல்லாம் இருக்கு. சத்தம்தான் இல்லை."

விஷயம் இதுதான். போனில் குரல் அனுப்புவது தச்சருக்குப் பிடிக்காது. யார் என்ன அனுப்பினாலும் பெருவிரல் படம் ஒன்றைத் திருப்பி அனுப்புகிற ஆள். வீட்டில் பிறந்தநாள் வீடியோக்களில் எல்லாம் கமெராவைப் பிடித்தவர் அவர், பேசியது மற்றவர்கள். அந்தக் குரல் உலகத்தில் இருக்கிற ஒரே இடம் இந்த அறை. அதைத்தான் நாங்கள் படத்திலிருந்து நாளுக்குக் கொஞ்சமாக அழித்து, மேலே என்னைப் பூசிக்கொண்டிருந்தோம். ஒரு வசனமாவது அவருடைய குரலில் படத்தில் வரவேண்டும், சனத்துக்கு முன்னால் அவர் ஒருமுறை பேசவேண்டும் என்று கேட்டா.

இயக்குநர் கெட்டவரல்ல. எல்லா இடத்திலும் தன் குரல் மேலே ஏறிக் கிடக்கிறது என்று உள்ளதைச் சொன்னார். தன் சத்தம் கலக்காத ஒரு வசனத்தைக் கண்டுபிடித்தால் கட்டாயம் போடுவதாக வாக்குக் கொடுத்தார்.

ஆகவே பின்னேரங்களில் நானும் அந்தப் பிள்ளையும் தேடத் தொடங்கினோம். படப்பிடிப்பு நடந்த ஒழுங்கிலேயே கேட்டோம். முதல் நாட்களில் இயக்குநர் சொல்லி முடித்த பிறகு தச்சர் சொல்கிறார். நாட்கள் போகப்போக இடைவெளி குறைகிறது. நடுப்பகுதியில் இரண்டு பேரும் ஒன்றாகச் சொல்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்புவிக்கிற மாதிரி. அதற்குப் பிறகு வந்த ஒரு பதிவில் பிள்ளை நிறுத்திவிட்டது. மறுபடி போட்டது. மறுகாலும் போட்டது.

"சேர், இதில ஆர் முதல் சொல்றது?"

தச்சர். மூச்சு, வசனம். அது பாதி போன பிறகுதான் இயக்குநரின் குரல் மேலே ஏறி அதே வசனத்தைச் சொல்லிக் கொடுக்கிறது. ஒலி விலகியிருக்கும் என்று நினைத்துப் படத்தோடு பொருத்திப் பார்த்தோம். உதடு சரியாகப் பொருந்தியது. அடுத்த நாள் பதிவும் அப்படித்தான். கடைசி நாட்களில் ஒரு வசனத்துக்குக்கூட அவர் காத்திருக்கவில்லை.

வரலாறு படிப்பிக்கிறவனிடம் எதற்கும் ஒரு காரணம் கையிருப்பில் இருக்கும். அத்தனை நாள் ஒருவருடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றால், அடுத்து என்ன வருமென்று ஊகிக்கலாம் என்றேன்.  பிள்ளை இயக்குநரைக் கூப்பிட்டு ஹெட்ஃபோனைக் கொடுத்தது. அவர் கேட்டார். இது தான் சொல்லிக் கொடுத்ததுதான் என்றார். ஆர் முதல் என்று கேட்டுப் பாருங்கள் என்றோம். மறுபடி கேட்டார். அந்த வசனம் காலையில் நினைத்ததல்ல, காட்சி நடந்துகொண்டிருந்தபோதுதான் தன் வாயில் வந்தது என்று மெல்லச் சொன்னார். ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு மின்விசிறியைப் போடச் சொன்னார். அன்றைக்கு மேற்கொண்டு வேலை நடக்கவில்லை.

சுத்தமான குரல் கிடைத்தது வேறிடத்தில். கடைசி நாள், அவர் தோணியில் தனியே வாவியின் நடுவுக்குப் போகிற காட்சி. கமெரா கரையில் வெகுதூரத்தில். சொல்லிக் கொடுக்க இயக்குநரும் பக்கத்தில் இல்லை, சொல்ல வசனமும் இல்லை. ஆனால் காலையில் சட்டைக்குள் ஒட்டிய சின்ன மைக்கைக் கழற்ற மறந்துபோயிருக்கிறார்கள். அது பதிந்திருந்தது. பேச்சில்லாத காட்சி என்று யாரும் அதைக் கேட்டதில்லை.

கேட்டோம். சவள், அதாவது துடுப்பு, தண்ணீரில் விழுந்து எழும்பும் சத்தம். தோணியின் முனகல். நெடுநேரம் அவ்வளவுதான். பிறகு சவள் நின்றது. தண்ணீர் தோணியைத் தட்டிக்கொண்டிருந்தது. ஒரு வசனம் சொல்லி முடிக்கும் நேரம் எதுவுமில்லை. மூக்கால் ஒரு மூச்சு.

"ஓம்."

மறுபடியும் ஓர் இடைவெளி. மூச்சு.

"வாறன்."

இன்னும் கொஞ்சம் நீண்ட இடைவெளி.

"கொஞ்சம் வேலை கிடக்கு. முடிச்சுப்போட்டு வாறன்."

அதற்கடுத்த இடைவெளிதான் எல்லாவற்றிலும் நீளம். யாரோ ஆறுதலாக, விபரமாக ஒன்றைச் சொல்லி முடிக்கிற அளவு நீளம். அதன் முடிவில்:

"சரி."

சவள் மறுபடி தண்ணீரில் விழுந்தது. பிள்ளை பதிவை நிறுத்திவிட்டு மடியில் கையை வைத்துக்கொண்டது. அறைக்கு வெளியே கல்முனைப் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. அந்தச் சத்தத்தை நான் அவ்வளவு விரும்பிக் கேட்டது அன்றைக்குத்தான்.

இதை அந்த மனிசிக்குக் கேட்கக் கொடுப்பதா என்று நாங்கள் இரண்டு நாள் யோசித்தோம். வேறு சுத்தமான குரல் இல்லை. ஒன்றுமே கிடைக்கவில்லை என்று பொய் சொல்ல நான் ஆயத்தமாக இருந்தேன், பிள்ளைதான் மறுத்தது. கடைசியில் வரச்சொன்னோம்.

ஸ்பீக்கரில் போட்டார்கள். முதல் "ஓம்" வந்ததும் அவ கையால் வாயைப் பொத்தினா. மூன்றாவது வசனம் வந்தபோது சிரிக்கத் தொடங்கிவிட்டா. கண்ணீரும் வந்தது, ஆனால் சிரிப்புத்தான் கூட. அந்தச் சத்தத்தில் கடைசிச் சொல் அமுங்கிப்போனது. தினமும் மத்தியானம் தங்கள் வீட்டில் நடக்கிற பேச்சு இது என்றா. பட்டறையில் அவர், குசினியில் தான். கூப்பிடக் கூப்பிட இந்த மூன்று மறுமொழியும் இதே ஒழுங்கில் வரும். மூன்றாவது வந்தால் அதற்கு மேல் கூப்பிட்டுப் பிரயோசனமில்லை, சோற்றை மூடி வைத்துவிட வேண்டியதுதான். அவர் போன அன்று மட்டும் முதலாவதுகூட வரவில்லை.

எங்களுக்கு உயிர் வந்தது. பழக்கதோஷத்தில் மனிதர் தோணியிலும் அதையே புறுபுறுத்திருக்கிறார். நான் முன்னமே சொன்னேன் என்கிற முகத்தோடு, எதையுமே முன்னமே சொல்லாத நான், இயக்குநரைப் பார்த்துத் தலையாட்டினேன்.

இன்னொருமுறை போடச் சொன்னா. இந்தமுறை இடைவெளிகளில் அவ பேசினா. குசினியில் நின்று கூப்பிடுகிற அதே குரலில், பதிவோடு சேர்த்து.

"இஞ்சப் பாருங்க, சோறு ஆறுது."

"ஓம்."

"எத்தின தரம் கூப்பிடுற?"

"வாறன்."

"அந்தப் பலகை எங்கயும் ஓடாது. கையைக் கழுவிற்று வாங்க."

"கொஞ்சம் வேலை கிடக்கு. முடிச்சுப்போட்டு வாறன்."

ஒவ்வோர் இடைவெளியும் அவவுடைய பேச்சுக்கு அளந்து விட்டதுபோல் இருந்தது. முன்னும் பின்னும் ஒரு மயிரிழை மிச்சமில்லை. அவ முகமெல்லாம் மலர்ந்திருந்தது. பிறகு நாலாவது இடைவெளி வந்தது. அவவிடம் சொல்ல ஒன்றுமில்லை. வாய் பாதி திறந்தபடி காத்திருந்தா. தண்ணீர் தோணியைத் தட்டியது. நாங்கள் எல்லாரும் அந்த ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சரி."

கதவு வேலைக்கு நாள் குறித்துக் கேட்கிற ஆளுக்குத் தச்சர் சொல்கிற சரி. அவ்வளவு சாதாரணம்.

 அவ கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டா.

"கடைசி எனக்குச் சொன்னதில்லை. அதை எடுத்துப்போடுங்க."

இயக்குநருக்கு அங்கேதான் சிக்கல் வந்தது. படம் முழுவதிலும் அந்த ஒரு சொல்தான் அவருக்கு வேண்டியிருந்தது. வருடக்கணக்காகத் தான் தேடிய முடிவு அதுதான் என்றார். தோணி நடு வாவியில் சின்னப் புள்ளியாகத் தெரிகிறது, குரல் மட்டும் பக்கத்தில் கேட்கிறது, நெடிய மௌனம், 'சரி', இருட்டு. அது இல்லாமல் காட்சி பாதியில் அறுந்து நிற்கும் என்று மன்றாடினார். அவ எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டா. அப்படியென்றால் ஒன்றுமே வேண்டாம், மற்றதையும் எடுத்துவிடுங்கள், முழுவதையும் சேரே பேசட்டும் என்றா. எந்தக் குரலைக் கேட்டுத் தேடிவந்தாவோ அதை அப்படியே மேசையில் வைத்துவிட்டு எழும்பினா.

இயக்குநருக்கு ஒரு யோசனை வந்தது. முதல் மூன்றும் அவருடைய குரலாகவே இருக்கட்டும், கடைசிச் சொல்லை மட்டும் நான் சொல்லலாமே என்றார். அவ என்னைப் பார்த்தா. திரும்ப உட்கார்ந்தா.

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு மைக்குக்கு முன்னால் போனேன். அத்தனை வாரமும் அந்த மனிதருடைய வாயில் ஏறி நின்று பேசியவன். இரண்டே எழுத்துள்ள சின்னச் சொல். தண்ணீர் சத்தம் வந்தது. "முடிச்சுப்போட்டு வாறன்" போனது. இடைவெளி தொடங்கியது. ஸ்பீக்கரில் அது வெறும் மௌனமாகத்தான் இருந்தது. காதுக்குள்ளே நெருக்கமாகக் கேட்கும்போது அது மௌனம் இல்லை. ஒருவர் உங்களிடம் பேசிவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாரே, அந்த மாதிரி. எனக்கு மூச்சு எடுபடவில்லை. இடம் கடந்துபோனது. மறுபடி போட்டார்கள். மறுபடியும் கடந்துபோனது.

ஹெட்ஃபோனைக் கழற்றி, கேள்வி என்னவென்று தெரியாமல் சரி சொல்லி எனக்குப் பழக்கமில்லை, கலியாணத்தைத் தவிர, என்றேன். யாரும் சிரிக்கவில்லை. என் பகிடிகளுக்கு அது வழமைதான். இயக்குநர் என்னைப் பார்த்தார், வெறுமையாக இருந்த மைக்கைப் பார்த்தார். கொஞ்சம் கழித்து, அந்தப் பிள்ளையிடம் கடைசிச் சொல்லை அழிக்கச் சொன்னார். பிரதி ஒன்றும் வைக்க வேண்டாம் என்று அவ கேட்டுக்கொண்டா. எங்கள் கண்முன்னே அழிந்தது.

வந்தாறுமூலையில் பல்கலைக்கழக மண்டபம் ஒன்றில் படத்தை முதன்முதலாகக் காட்டினார்கள். கூட்டம் நிரம்பியிருந்தது. மனைவியோடு போனேன். என் தலையின் பின்பக்கம் வந்தபோது மட்டும் அவ அடையாளம் கண்டு என்னை இடித்தா. தச்சரின் மனைவி எங்களுக்கு முன்வரிசையில், ஓரத்தில், தன் இரண்டு தங்கைமாரோடு இருந்தா. என் குரல் அவருடைய முகத்தில் ஓடிய நேரமெல்லாம் நிமிர்ந்து அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தா.

கடைசிக் காட்சி வந்தது. தோணி தூரத்தில். "ஓம்" என்றார் அவர், முதன்முறையாகத் தன் சொந்தக் குரலில். மண்டபத்தில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. முன்வரிசையில் அவவுடைய தாடை அசைவது திரையின் வெளிச்சத்தில் தெரிந்தது. ஒவ்வோர் இடைவெளியிலும் சத்தமில்லாமல் தன் பங்கைச் சொல்லிக்கொண்டிருந்தா. சோறு. எத்தின தரம். பலகை. அவர் மூன்றாவது மறுமொழியையும் சொல்லி முடித்தார். ஆசைப்பட்டபடி, அத்தனை சனத்துக்கு முன்னால்.

நாலாவது இடைவெளி தொடங்கியது. அதன் முடிவில் எதுவும் வராது என்று அவவுக்குத் தெரியும். அழித்ததைக் கண்ணால் பார்த்தவ. இருந்தும் இரண்டு கையையும் தூக்கிக் காதை இறுகப் பொத்திக்கொண்டு தலையைக் குனிந்தா. வெளிச்சம் போடும்வரை கையை எடுக்கவில்லை.